வளர்ச்சி ஊசியும் குழந்தை மனமும்

குழந்தை வளர்வதைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். சென்ற ஆண்டு தைத்த பள்ளிச் சட்டை இவ்வாண்டு இறுகும்போதுதான், "அடடா, எவ்வளவு வளர்ந்துவிட்டான்!" என்று தாய் வியக்கிறாள். நான்கு வயதிலிருந்து பூப்புப் பருவம் தொடங்கும் வரையில் ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் உயர்கிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால், அது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. இத்துணைச் சிறிய அளவை எந்தக் கண்ணாலும் காண இயலாது.

சில குழந்தைகளுக்கு இந்த அளவும் கூடுவதில்லை. பள்ளியில் உயர வரிசைப்படி நிற்கச் சொன்னால் ஆண்டுதோறும் அவர்களே முதலில் நிற்பர். இரண்டாண்டுகளாக ஒரே காற்சட்டை போதுமானதாக இருக்கும். இவர்களுள் பலர் குட்டையான பெற்றோர்க்குப் பிறந்து, தம் இயல்புக்கேற்ப வளர்பவர்கள்; அவர்களுக்கு மருந்து வேண்டுவதில்லை. ஒரு சிலர்க்கோ உடலில் வளர்ச்சிக்குரிய சுரப்புநீர் போதிய அளவு ஊறுவதில்லை. அச்சுரப்புநீரை ஊசி வழியாகப் பல ஆண்டுகள் செலுத்திக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ள அக்குழந்தைகளைப் பற்றியும், அவர்களைப் பெற்றோரும் ஆசிரியரும் தாங்கிப் பிடிக்க வேண்டிய முறை பற்றியும் இங்கு ஆராய்வோம்.

சுரப்பியும் அதன் தொழிலும்

மூளையின் அடிப்பகுதியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. அது வெளியிடும் பல நீர்களுள் ஒன்றே வளர்ச்சி ஹார்மோன். 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் இது. நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரக்காமல், விட்டுவிட்டுப் பொங்கி வருவது இதன் இயல்பு. இரவில் குழந்தை ஆழ்ந்து உறங்கத் தொடங்கிய பின் அந்தப் பொங்குதல் மிகுதியாக இருக்கும். இந்நீர் கல்லீரலையும் பிற உறுப்புகளையும் தூண்டி வேறொரு வளர்ச்சிப் பொருளை உண்டாக்கச் செய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, நீண்ட எலும்புகளின் முனையருகே உள்ள குருத்தெலும்புத் தட்டுகளில் வேலை செய்கின்றன. அங்கே புதிய குருத்தெலும்பு தோன்றி எலும்பாக மாற மாற, கைகால் நீள்கிறது.

இந்தத் தட்டுகள் என்றென்றும் திறந்திருப்பவை அல்ல. பூப்புப் பருவம் முடியும் காலத்தில் அவை முழுதும் எலும்பாகி மூடிக்கொள்கின்றன. அதன்பின் எம்மருந்தாலும் உயரம் கூடாது. "அவன் அப்பாவும் பதினெட்டு வயதில்தான் வளர்ந்தார், இவனும் வளர்வான்" என்று காத்திருக்கும் குடும்பங்கள் இவ்வுண்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். காத்திருந்து பார்க்கலாமா, ஆகாதா என்பதை எலும்பின் வயதைப் படமெடுத்துப் பார்த்த சிறப்பு மருத்துவரே சொல்ல முடியும்.

சுரப்புநீர்க் குறை உள்ளவர்க்கேயன்றி, டர்னர் கோளாறு உள்ள பெண் குழந்தைகளுக்கும், நாட்பட்ட சிறுநீரக நோயால் வளர்ச்சி குன்றியவர்க்கும், பிறக்கும்போதே மிகச் சிறியதாய்ப் பிறந்து பின்னும் ஈடுகட்டி வளராத சிலர்க்கும் இம்மருந்தை மருத்துவர் கொடுப்பதுண்டு. ஆயினும், பிள்ளை இன்னும் நெட்டையாக இருந்தால் நன்றாயிருக்குமே என்ற ஆசைக்காகக் கேட்டு வாங்கும் மருந்து அன்று இது.

மருந்து வந்த வரலாறு

இன்று எளிதாகக் கிடைக்கும் இம்மருந்து ஒரு காலத்தில் மிக அரியதாக இருந்தது. ஆடு மாடுகளின் வளர்ச்சி ஹார்மோன் மனிதர்க்குப் பயன்படவில்லை. 1956-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் சோ ஹாவ் லீ என்ற அறிஞரின் குழுவினர் மனித வளர்ச்சி ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். பாஸ்டன் நகர மருத்துவர் மாரிஸ் ரேபன், வளர்ச்சி குன்றிய இளைஞர் ஒருவர்க்கு மனித ஹார்மோனைச் செலுத்தி, அவர் வளர்ந்த செய்தியை 1958-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்காலத்தில் இறந்தவர் உடலிலிருந்து எடுத்த சுரப்பிகளே மருந்துக்கு மூலப்பொருள். ஆகவே மருந்து சிறிதளவே கிடைத்தது, காத்திருந்தவரோ பலர். வாரத்திற்கு இரண்டு மூன்று முறை மட்டும் தசையில் ஊசி போட்டனர்.

1985-ஆம் ஆண்டில் ஒரு துயரம் வெளிப்பட்டது. முன்பு இம்மருந்தைப் பெற்ற இளைஞர் சிலர், மூளையை அழிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் இறந்தனர். அந்நோய் இறந்தவர் சுரப்பியிலிருந்து வந்தது என்று கண்டதும், அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் அம்மருந்தை நிறுத்தினர். நல்வாய்ப்பாக, மரபணுத் தொழில்நுட்பத்தால் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த வளர்ச்சி ஹார்மோனுக்கு அதே ஆண்டில் அமெரிக்க அரசு இசைவு தந்தது. இறந்தவர் உடலோடு அதற்குத் தொடர்பே இல்லை. அன்றுமுதல் தேவையான அளவு மருந்து செய்ய முடிந்தது. நாள்தோறும் தோலின் கீழ் மெல்லிய ஊசியால் செலுத்தும் முறையும் நிலைபெற்றது. அன்று மருந்துக்குப் பஞ்சம். இன்று மருந்து உண்டு, விடாமல் போட்டுக்கொள்ளும் உறுதிக்குத்தான் பஞ்சம்.

எத்தனை ஊசி?

ஆண்டுக்கு 365 ஊசி. ஐந்து வயதில் தொடங்கும் பிள்ளை பதினைந்து வயதுவரை போட்டுக்கொண்டால் 3,650 ஊசி. நம்மில் எத்தனைப் பேர், பத்து நாளைக்குக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் விழுங்கியிருப்போம்?

நீண்டகால மருத்துவத்தைக் கடைப்பிடிப்போர், செல்வ நாடுகளிலும்கூட, சராசரியாகப் பாதிப் பேரே என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. வளர்ச்சி ஊசியைப் பற்றி நியூசிலாந்து நாட்டில் ஓர் ஆய்வு நடந்து 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசியைத் தவறவிட்டனர் என்றும், அவ்வாறு தவறவிட்டவர் வளர்ச்சி குறைந்தது என்றும் அது காட்டியது. வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2013-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்று, ஊசியை ஒழுங்காகப் போடாதவர் அளவு 5 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடுவரை என்கிறது. அளவிடும் முறைக்கேற்ப எண் மாறுகிறது. ஆனால் ஒன்று தெளிவு: ஊசி தவறுவது ஏதோ ஒரு பொறுப்பற்ற குடும்பத்தில் மட்டும் நிகழ்வதன்று.

ஏன் தவறுகிறது?

இன்று ஊசியை விட்டால் இன்று ஒன்றும் நேர்வதில்லை. இதுவே முதற்காரணம். நீரிழிவுள்ள குழந்தைக்கு இன்சுலின் போடாவிட்டால் அக்குழந்தை விரைவில் சோர்ந்து விழும், வீடு பதறும். வளர்ச்சி ஊசியை விட்டால், வேறு சுரப்புநீர்க் குறையும் சேர்ந்த கைக்குழந்தைகள் போன்ற சிலர்க்கன்றி, பெரும்பாலோர்க்கு வலியோ காய்ச்சலோ வருவதில்லை. இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் சேர்கிறது. பல மாதம் கழித்து அளவுகோலில்தான் தெரிகிறது.

இரண்டாவது காரணம், முதலாண்டின் மகிழ்ச்சி. ஊசி தொடங்கிய முதலாண்டில், சுரப்புநீர்க் குறையுள்ள குழந்தை 8 முதல் 12 சென்டிமீட்டர்கூட வளர்வதுண்டு. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேகம் குறைவது இயற்கை. இதனை முன்னரே அறியாத பெற்றோர், 'மருந்து வேலை செய்யவில்லை' என்று எண்ணித் தளர்கின்றனர்.

மூன்றாவது காரணம் அன்பு. "பாவம், பிள்ளை அழுகிறது. இன்று ஒரு நாள் விட்டுவிடேன் அம்மா" என்று பாட்டி சொல்வாள். பாட்டியின் அன்பில் குறையில்லை. ஊசி எதற்காக என்று பாட்டிக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்பதே குறை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் விடுபடுகிறது. திருமண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் ஊசி எடுக்கக் கூச்சமாயிருக்கிறது. தாய் காய்ச்சலில் படுத்தால் ஊசி போட வேறு ஆளில்லை. இவ்வாறு சிறு சிறு துளைகளின் வழியே நீர் ஒழுகிவிடுகிறது.

மறைப்பதால் வரும் கேடு

ஊசி தவறுவதைக் காட்டிலும், தவறியதை மறைப்பதே பெருங்கேடு. மருத்துவர் மூன்று அல்லது ஆறு திங்களுக்கு ஒருமுறை உயரம் அளக்கிறார். வளர்ச்சி குறைந்திருக்கிறது. "ஊசி ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்கிறார். "ஒரு நாளும் விட்டதில்லை, டாக்டர்" என்கிறார் தந்தை. குழந்தை தரையைப் பார்க்கிறது. மருத்துவர் என் செய்வார்? மருந்தின் அளவை உயர்த்துவார். அல்லது வேறு நோய் உண்டோ எனக் குருதியெடுத்துச் சோதிப்பார். அல்லது இம்மருந்தால் இப்பிள்ளைக்குப் பயனில்லை என்று முடிவு செய்வார். மூன்றும் பொய்யின் மேல் கட்டிய முடிவுகள். அவற்றின் விலையைக் குழந்தையே கொடுக்கிறது.

தந்தை பொய் சொல்ல விரும்பியவர் அல்லர். கேள்வி கேட்ட முறை அவரை அஞ்ச வைத்தது. ஆசிரியர்க்கு இது புதிதன்று. "வீட்டுப் பாடம் செய்தாயா?" என்று அதட்டினால், "செய்தேன், வீட்டில் வைத்துவிட்டேன்" என்னும் விடையே வரும். "எந்தக் கணக்கு வரவில்லை?" என்று கேட்டால் உண்மை வரும். அதுபோல, "நாள்தோறும் போடுவது எல்லார்க்கும் கடினந்தான், சென்ற வாரம் எத்தனை நாள் முடியாமற் போயிற்று?" என்று கேட்பதே பயன்தரும். ஊசி போட்ட நாளையும் நேரத்தையும் தானே குறித்துவைக்கும் கருவிகளும் இன்று உள்ளன. அவற்றை ஒற்றனாகக் கொள்ளாமல் நினைவூட்டும் துணையாகக் கொண்டால் நன்மை மிகும்.

மருத்துவ நூல்கள் முன்பு இதனைக் 'கம்ப்ளையன்ஸ்' என்றன. கீழ்ப்படிதல் என்பது அதன் பொருள். கட்டளையிடுபவர் ஒருவர், பணிபவர் ஒருவர் என்னும் எண்ணம் அச்சொல்லில் உண்டு. பின்னர் அதனை விடுத்து 'அட்ஹியரன்ஸ்' என்று எழுதலாயினர். நோயாளியும் உடன்பட்டுப் பற்றிநிற்றல் என்பது இதன் கருத்து. தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. 'கடைப்பிடி' என்னும் பழஞ்சொல்லுக்கு உறுதி என்றும் மறவாமை என்றும் பொருள் உண்டு. அச்சத்தால் பணிபவன் அதட்டுபவர் இல்லாதபோது விட்டுவிடுவான். கடைப்பிடிப்பவனுக்குப் பொருள் விளங்கியிருக்கிறது. ஆகவே அவன் பற்றியதை விடான். நாம் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியது இரண்டாவதையே.

வயதுக்கேற்ற வழி

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு விளக்கம் சிறிதும், வழக்கம் பெரிதும் வேண்டும். பல் துலக்கி, ஊசி போட்டு, கதை கேட்டு உறங்குவது என ஒவ்வோர் இரவும் ஒரே வரிசையில் நடந்தால், ஊசி தனியாக நின்று அச்சுறுத்தாது. "ஊசி போடலாமா?" என்று கேட்கக் கூடாது, "வேண்டாம்" என்பதே விடையாக வரும். "இன்று வலத் தொடையா, இடத் தொடையா?" என்று கேட்கலாம். ஊசி முனையில்லாத பேனாவைக் கொடுத்துப் பொம்மைக்குப் போட்டு விளையாடச் செய்யலாம். போடும்போது சோப்புக் குமிழி ஊதச் சொன்னால் மூச்சும் சீராகும், கவனமும் மாறும்.

இரண்டு தவறுகளை அறவே விலக்க வேண்டும். "குறும்பு செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று நம் வீடுகளில் வழக்கமாக மிரட்டுகிறோம். நாள்தோறும் ஊசி போடும் வீட்டில் அச்சொல் நஞ்சாகும்; தான் செய்த குற்றத்துக்கே இத்தண்டனை என்று பிள்ளை நம்பிவிடும். மற்றொன்று, குழந்தை அறியாமல் உறக்கத்தில் ஊசி போடுதல். சில நாள் எளிதாகத் தோன்றும். பின்னர்க் குழந்தை உறங்கவே அஞ்சும்.

ஏழு முதல் பதினொரு வயதுள்ளோர்க்கு உண்மையைச் சொல்ல வேண்டும். "உன் உடம்பு வளர ஒரு நீர் வேண்டும், உனக்கு அது குறைவாக ஊறுகிறது, அதை நாம் கொடுக்கிறோம்" என்றால் போதும். நாட்காட்டியில் ஊசி போட்ட நாளைத் தானே குறிக்கச் சொல்லலாம். மாத முடிவில் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது போன்ற சிறு பரிசு நன்று. விடுபட்ட நாளை மறைக்காமல் குறித்ததற்கும் பாராட்டு வேண்டும். உயரத்தை நாள்தோறும் அளந்து ஏமாறாமல், மூன்று திங்களுக்கு ஒருமுறை அளந்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். திரைப்பட நடிகனைப் போல் உயர்வாய் என்று வாக்களிக்கலாகாது. இம்மருந்து பெரும்பாலும் பிள்ளையைத் தன் குடும்பத்துக்குரிய உயரத்தை நோக்கிக் கொண்டுசெல்கிறது. அதற்குமேல் ஆசை காட்டினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரிடம் ஊசி தவறுவது மிகுதி. "இனி நீயே பெரியவன், நீயே போட்டுக்கொள்" என்று ஒரே நாளில் பொறுப்பை ஒப்படைப்பது அதற்கு ஒரு காரணம். ஊசியைப் பிள்ளை போடட்டும். தாயோ தந்தையோ அருகில் இருக்கட்டும். "ஏன் போடவில்லை?" என்று குற்றவாளியைக் கேட்பதுபோல் கேளாமல், "எது சலிப்பாக இருக்கிறது?" என்று கேட்டால், வலியா, நண்பர் கேலியா, எப்போது முடியும் என்ற ஏக்கமா என்பது வெளிவரும். முடியும் காலத்தையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு எலும்பின் வயது ஏறக்குறைய 14-ஐயும், ஆண் பிள்ளைகளுக்கு 16-ஐயும் எட்டி, வளர்ச்சி ஆண்டுக்கு 2 சென்டிமீட்டருக்கும் குறையும் காலத்தில் உயரத்துக்கான ஊசியை மருத்துவர் நிறுத்துவது வழக்கம். சிலர்க்குக் குறை நிலையானதாக இருந்தால், எலும்பு, தசை ஆகியவற்றின் நலங்கருதிச் சிறிய அளவில் தொடர வேண்டியிருக்கும்.

வீட்டார் அறிய வேண்டியவை

மருந்துகளுள் பல 2 முதல் 8 பாகை செல்சியசில், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியவை. பனிக்கட்டி அறையில் வைத்து உறைந்துபோனால் அம்மருந்து பயன்படாது. வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கலாகாது. பயணத்தில் குளிர்ப்பையில், பனிக்கட்டி நேரே படாதவாறு வைத்துக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். எடுத்துச் சிறிது நேரம் வெளியே வைத்தபின் போட்டால் எரிச்சல் குறையும். தொடை, வயிறு, பிட்டம் என இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும்; ஒரே இடத்தில் போட்டால் தோலடிக் கொழுப்பு கரைந்து குழி விழும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடலாகாது. வீட்டில் இருவராவது ஊசி போடக் கற்றிருக்க வேண்டும். கடுந்தலைவலி, பார்வை மங்கல், இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை போடும் ஊசிகளும் இப்போது வந்துள்ளன. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2021-ஆம் ஆண்டில் ஒன்றுக்கும், 2023-ஆம் ஆண்டில் மேலும் இரண்டுக்கும், சுரப்புநீர்க் குறையுள்ள குழந்தைகளுக்குப் பயன்படுத்த இசைவளித்தது. 365 ஊசி 52 ஆகக் குறைவது பெரிய விடுதலை. ஆயினும் வாரத்தில் ஒன்றை மறந்தால் ஏழு நாள் மருந்து போய்விடும். மருந்து மாறினாலும் மறவாமை வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

குட்டையான பிள்ளையை அதன் உயரத்துக்குரிய வயதினதாக நடத்துவது நாம் அறியாமலே செய்யும் தவறு. பத்து வயதுச் சிறுமியை ஆறு வயதுக் குழந்தைபோல் கொஞ்சுகிறோம். நாடகத்தில் என்றும் குட்டிப் பாப்பா வேடமே கொடுக்கிறோம். பொறுப்புள்ள வேலையை நெட்டையான பிள்ளைக்குக் கொடுக்கிறோம். நாளடைவில் அச்சிறுமியும் சிறு குழந்தைபோலவே நடக்கத் தொடங்குவாள். வயதுக்குரிய பொறுப்பைத் தாங்கிப் பழகிய பிள்ளையே ஊசிப் பொறுப்பையும் தாங்கும்.

'குள்ளன்' என்ற பட்டப்பெயர் வகுப்பில் எழும்போது, சிரிப்பொலியில் அது கலந்துபோக விடாமல் ஆசிரியர் அதனை நிறுத்த வேண்டும். பள்ளி முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, மருந்தை வைக்கக் குளிர்சாதனப் பெட்டியும், ஊசி போட்டுக்கொள்ளத் தனியிடமும் ஏற்பாடு செய்தால், ஒரு பிள்ளை முகாமை இழவாது, மருந்தையும் இழவாது. பெற்றோர் நம்பிச் சொன்ன செய்தியை ஆசிரியர் அறையில் பேசாதிருப்பதும் கடமை. ஆண்டுக்கு இருமுறை மாணவர் உயரத்தை அளந்து குறித்துவைத்தால், வளராத பிள்ளையை முதலில் காண்பவரும் ஆசிரியராகவே இருக்கக்கூடும். எலும்புத் தட்டுகள் மூடுமுன் கிடைக்கும் ஓராண்டு, மூடியபின் எவராலும் தர முடியாத ஓராண்டு அன்றோ?

ஊசி போடும் கை தாயுடையதாக இருக்கலாம். அந்தக் கை பத்தாண்டு தளராதிருக்கத் தந்தையும், பாட்டியும், மருத்துவரும், ஆசிரியரும் துணைநிற்க வேண்டும். அதட்டி வாங்கும் பணிவு ஒரு வாரத்துக்கு வரும். உண்மையைச் சொல்லி, தவறியதைப் பொறுத்து, மீண்டும் நாளை தொடங்குவோம் என்று உடன்நிற்கும் வீட்டில் வளரும் பிள்ளை, ஊசியைக் கடைசிவரை விடாது பற்றி நிற்கும்.